வெளிச் சத்தம்

மார்கழிக் கடைசியில் ஸௌம்யா ஓடுவதை நிறுத்தினாள். அதற்கு முன் ஒருநாள்கூட விட்டதில்லை. சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். கல்லூரி நாட்களில் ஓட்டத்தில் பரிசு வாங்கியவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகும் விடியற்காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு, ஓரிக்கை வழியாகப் பாலாற்றுப் பாலம்வரை ஓடித் திரும்புவாள். மாமியார் முதலில் முகம் சுளித்தாள், பிறகு பழகிப்போனாள்.

கடைசியாக ஓடிய அன்று பனி கண்ணை மறைத்தது. சாலையோரத்துப் புளியமரங்கள் கிட்டே வந்த பிறகுதான் மரமென்று தெரிந்தன. விளக்குப் போடாத மணல் லாரி ஒன்று அவளை உரசுவதுபோலக் கடந்து பனிக்குள் மறைந்தது. கொஞ்சநேரத்தில் முன்னால் 'டம்'மென்று சத்தம். பிரேக் அலறியது. அப்புறம் எஞ்சின் உறுமல் மட்டும்.

அந்த உறுமலுக்கு மேலே ஓர் ஆண்குரல் கேட்டது. லேசாகக் கரகரத்த, பதற்றமே இல்லாத குரல்.

"உயிர் இருக்குதாபா?"

இன்னொரு குரல், சின்ன வயசுக் குரல், அழுதுகொண்டே ஏதோ சொன்னது.

"இருக்குதா? அப்ப ரிவர்ஸ் எடு."

லாரி பின்னால் நகர ஆரம்பித்தது. ஸௌம்யா அடிவயிற்றிலிருந்து கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. லாரி நின்றது. ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு முன்னால் பாய்ந்து போயே போய்விட்டது.

கிடந்தவர் கைலாசம். ஓரிக்கையிலிருந்து பெருமாள் கோயில் கடைகளுக்கு சைக்கிளில் பூக்கூடை கொண்டுபோகிறவர். தினமும் எதிரே வரும்போது மணியடித்து அவளுக்கு வழிவிடுவார். தார்ச்சாலை முழுக்கச் சம்பங்கி சிதறியிருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் அவர் உயிர் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். வண்டி நம்பர் தெரியாது. ஆள் முகம் தெரியாது.

"அடிபட்டவன் பொழைச்சா அடையாளம் சொல்லிடுவான்னு பயந்திருக்கானுங்க. ஆனா வெறும் குரலை வச்சிக்கினு யாரம்மா தேடறது? மறுபடி கேட்டா அடையாளம் சொல்வீங்களா?"

"சொல்வேன்" என்றாள்.

தை பிறந்தது. ஒருநாள் மறுபடி ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பின்னால் தூரத்தில் ஒரு லாரி உறுமியதுமே சாலையை விட்டு இறங்கி, மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அப்படியே நடந்து வீடு திரும்பினாள். கணவன் ராம்ப்ரஸாத் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"ஓடாம இருந்தா நீ நீயா இருக்க மாட்டே. நல்ல ஹெட்போனா ஒண்ணு வாங்கிக்கோ. பாட்டு கேட்டுண்டே ஓடு. லாரி சத்தமே காதுல விழாது."

அது அவளுக்குச் சரியென்றுதான் பட்டது.

பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் நஸ்னீன் அவளுடைய தோழி. நஸ்னீனின் தம்பி ஷாஹித் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்தான். சனிக்கிழமை பள்ளி விட்டதும் இருவரும் அங்கே போனார்கள்.

"ஐநூறுக்கு மேல போகக்கூடாது ஷாஹித். ஆனா சத்தம் நன்னா இருக்கணும். வியர்வையில நழுவி விழக்கூடாது" என்றாள் ஸௌம்யா.

"அக்கா, எல்லாம் ஒண்ணாவே கேட்டா எப்படி?" என்று சிரித்துக்கொண்டே ஷாஹித் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான்.

ஸௌம்யா தன் சின்ன எம்பி3 பிளேயரை எடுத்தாள். சோதித்துப் பார்ப்பதற்கென்றே அதில் ஒரு வீணைக் கச்சேரி வைத்திருந்தாள். முதலில் மாட்டியது காதில் சும்மா தொங்கும் மலிவு ரகம். மிருதங்கம் தகர டப்பாவைத் தட்டினதுபோல இருந்தது. தலையை ஒரு தடவை ஆட்டியதும் இரண்டு பக்கமும் விழுந்துவிட்டது. அடுத்தது காதுக்குள்ளே ரப்பர் வைத்து அடைக்கும் ரகம். அதை அழுத்திய கணத்தில் கடை, தெரு, பஸ் ஹாரன் எல்லாம் இல்லாமல் போயின. வீணைத் தந்தி மேல் விரல் வழுக்குவதுகூடக் கேட்டது. மிருதங்கத்தின் இடது பக்கம் 'கும்'மென்று நெஞ்சுக்குள் இறங்கியது.

"இதுதான்" என்றாள் கண்ணை மூடியபடி. அவளுக்கே கேட்காததால் சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

"ஓடிப் பாரும்மா" என்று நஸ்னீன் சைகை காட்டினாள்.

கடை வாசலில் நின்ற இடத்திலேயே ஓடினாள். ஒவ்வொரு அடிக்கும் வயர் துணியில் உரசி, அந்த அதிர்வு காதுக்குள் ஏறியது. டம், டம், டம். யாரோ தலைக்குள்ளேயே துரத்தி வருவதுபோல. வெடுக்கென்று பிடுங்கினாள்.

"வயரைக் காதுக்கு மேலால சுத்திப் போட்டா அது கம்மியாவும்கா" என்றான் ஷாஹித். "இல்லன்னா இத பாருங்க. கழுத்துக்குப் பின்னால வளைஞ்சி வரும். காது மேல ஸ்பாஞ்ச் உட்காரும், அடைக்காது. கும்முன்னு வராது, ஆனா பாட்டு தெளிவா இருக்கும்."

மாட்டிக்கொண்டாள். அவன் சொன்னது சரி. தாளத்தின் கனம் கொஞ்சம் குறைந்தது, வீணை அப்படியே இருந்தது. பாட்டுக்குப் பின்னால் கடையும் கேட்டது. ஃபேன் சுற்றுவது, நஸ்னீனின் வளையல், யாரோ படியேறி வரும் செருப்புச் சத்தம்.

"சார்ஜர் இருக்குதாபா?"

ஸௌம்யாவின் கை பிளேயர் மேல் அப்படியே நின்றது.

"இருக்குதுண்ணா. சின்ன பின்னா, பெரிய பின்னா?"

"சின்னது இருக்குதா? அப்ப எடு."

கரகரத்த, அவசரமில்லாத குரல். அவள் திரும்பவில்லை. எதிரே இருந்த கண்ணாடிக் கதவில் அவரது உருவம் தெரிந்தது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் பளிச்சென்று விபூதி, ஐம்பது வயதிருக்கும். கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ்களில் பார்த்த முகம். மணலும் செங்கல்லும் சப்ளை செய்யும் உமாபதி.

அவரும் கண்ணாடி வழியாக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்தானே? ஓரிக்கை ரோட்ல ஓடுவீங்களே. கொஞ்ச நாளா காணோமே."

"உடம்பு சரியில்ல" என்றாள்.

"உடம்பப் பாத்துக்கங்க." கிட்டே வந்து பெட்டி மேலிருந்த இரண்டையும் பார்த்தார். ரப்பர் வைத்ததை ஒரு விரலால் அவள் பக்கம் நகர்த்தினார். "இதையே எடுத்துக்குங்கமா. பாட்டு நல்லா கேக்கும். வெளிச் சத்தம் நமக்கு எதுக்கு?"

சார்ஜரை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். தெருவில் எதிரே வந்தவர்கள் அவருக்குக் கும்பிடு போட்டார்கள்.

ஷாஹித் எதைக் கட்டட்டும் என்று கேட்டான். ஸ்பாஞ்ச் வைத்ததைக் காட்டினாள். வெளியே வந்த பிறகுதான் நஸ்னீனின் கையை அவள் நகம் பதிய இறுக்கியிருப்பது தெரிந்தது.

"அவன்தான்" என்றாள்.

நஸ்னீன் ஸ்கூட்டியைக் கிளப்பி நேராக ஸ்டேஷனுக்கு விட்டாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். "பெரிய எடத்துல கை வைக்கறீங்க. வைப்போம். நாலஞ்சு பேரைத் திரைக்குப் பின்னால நிறுத்தி ஒரே வாசகத்தைப் பேச வைக்க ஏற்பாடு பண்றேன். அதுவரைக்கும் வெளியில மூச்சு விடாதீங்க."

ராம்ப்ரஸாத் பயந்தான். "நமக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்று ஆரம்பித்தவன், அவள் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டான். "சரி. ஆனா அந்த ரோட்டுப் பக்கம் மட்டும் போகாதே."

போகவில்லை. ஆனால் வீட்டுக்குள் அடைந்து கிடக்கவும் முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் கோயில் மாடவீதிகளைச் சுற்றி ஓடினாள். வாசல் தெளிக்கிறவர்கள், பால்காரர்கள், ஆள் நடமாட்டம் இருந்தது. புது ஹெட்போனில் வீணை ஓடிக்கொண்டிருந்தது. வெகுநாளைக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. இரண்டாவது சுற்றில் வடக்கு மாடவீதி திரும்பியபோது பாட்டுக்கு அடியில் இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது. கனமான டீசல் உறுமல். அவள் வேகத்தைக் குறைத்தாள், அதுவும் குறைந்தது. அவள் நின்றாள், அதுவும் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். காலி மணல் லாரி. அங்கே மதில்சுவர் மட்டும்தான், ஆள் யாருமில்லை. கதவு திறந்து ஒல்லியான பையன் ஒருவன் குதித்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டபடியே வந்தான்.

"டீச்சர், கத்தாதீங்க டீச்சர். என் பேரு சம்பந்தம். அன்னிக்கு நான்தான் ஓட்டிக்கினு வந்தேன்."

ஓடிவிடலாமா என்று நினைத்தாள். ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஓனர் பக்கத்துல குந்திக்கினு இருந்தாரு. ரிவர்ஸ் எடுன்னாரு. எடுத்தேன். நீங்க கத்தனீங்க. அதுக்கு மேல என் கால் அமுக்கல டீச்சர். சத்தியமா நான் அந்தாளு மேல மறுபடி ஏத்தல." அழுதான். "நேத்திலேர்ந்து ஓனர் உங்களப் பத்தியே கேட்டுக்கினு இருக்காரு. எந்தத் தெரு, எத்தினி மணிக்குப் போறாங்கன்னு. கொஞ்ச நாளைக்கு எங்கயாச்சும் போயிடுங்க."

"என்கிட்ட சொன்னதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுவியா?"

அவன் லாரிப் பக்கம் திரும்பினான்.

"நான் கூட வரேன்பா. தனியா விட மாட்டேன்."

"எங்க கெழட்டு ஆயாவ ஊர்ல வுட்டுட்டு நாளைக்கு வரேன் டீச்சர்" என்றான் கடைசியில். அவள் நம்பரை வாங்கி ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு ஏறிப் போனான்.

மறுநாள் அவன் வரவில்லை. போன் அணைந்திருந்தது. அவன் சொன்னதையெல்லாம் ஸௌம்யா இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னாள். அதற்கடுத்த நாள் அவனுடைய லாரி ஆற்று மணலில் நின்றது. கதவு திறந்து கிடந்தது, சாவி அதிலேயே இருந்தது. சீட்டின் அடியில் ஒரு செருப்பு. ஒற்றைச் செருப்பு.

திரைக்குப் பின்னால் பேசியவர்களில் மூன்றாவது குரல் என்று ஸௌம்யா சொன்னாள். இடத்தை மாற்றி நிறுத்தி மறுபடி பேச வைத்தார்கள். இந்தத் தடவை முதல் குரல் என்றாள். இரண்டு தடவையும் அது உமாபதிதான். கைது செய்தார்கள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. வெறும் குரலை வைத்து எத்தனை நாள் உள்ளே வைக்க முடியும்? மாசி முடிவதற்குள் ஜாமீனில் வந்தார். பள்ளி வாசலுக்கு எதிரே ஒரு லாரி நிற்க ஆரம்பித்தது. காலையில் வரும், மாலையில் போகும். அதில் யாரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. இரண்டு பெற்றோர் தலைமையாசிரியையிடம் போய், டீச்சரை வேறெங்காவது மாற்றக்கூடாதா என்று கேட்டார்களாம்.

ஸௌம்யா தினமும் சம்பந்தத்தின் நம்பரை அடித்துப் பார்த்தாள். அணைந்தே இருந்தது. ஒரு நாள் ஆசிரியர் அறையில், நஸ்னீன் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மணி போனது. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

யாரோ எடுத்தார்கள். பேச்சில்லை. காற்றிரைச்சல், எங்கேயோ மண் அள்ளும் இயந்திரத்தின் இரைச்சல்.

"சம்பந்தம்? நான் டீச்சர் பேசறேன்பா. எங்க இருக்கே?"

பதில் அதே கரகரத்த குரலில் வந்தது.

"சொல்லுங்கமா. அவன் இல்ல. நான்தான்."

ஸௌம்யா போனை வைக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு மேஜை மேல் வைத்தாள். நஸ்னீன் சோற்றுக் கையோடு போன் பக்கம் குனிந்தாள்.

"அவன் போன் உங்ககிட்ட எப்படி வந்தது?"

சிரிப்புச் சத்தம். "பாட்டு கேட்டுக்கினு ஓடுங்கன்னு அன்னிக்கே சொன்னேனே. கேட்டீங்களா?" இணைப்பு அறுந்தது.

அன்று சாயங்காலமே இருவரும் கேட்டதை எழுதிக் கொடுத்தார்கள். காணாமல்போனவனின் போன் பேசிய இடத்தைக் கம்பெனியில் கேட்டு வாங்க இன்ஸ்பெக்டருக்குச் சில நாள் பிடித்தது. ஓரிக்கைக்குத் தெற்கே, பாலாற்றங்கரை. போன் உமாபதியின் மணல் ஷெட்டில் கிடைத்தது. ஜாமீன் ரத்தானது. அழைத்துப் போகும்போதும் அவர் அலட்டிக்கொள்ளவில்லை, சட்டைப் பட்டனைச் சரிசெய்துகொண்டே ஜீப்பில் ஏறினார் என்று ஷாஹித் சொன்னான். பள்ளி எதிரே லாரி வருவதும் நின்றது.

பங்குனியில் ஸௌம்யா மறுபடி ஓரிக்கை சாலையில் ஓடினாள். அவள் வேண்டாமென்றும் கேட்காமல் நஸ்னீன் ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தாள். பனியில்லை. பாலத்தின் மேல் அந்த வேளையிலேயே ஆட்கள் கூடி நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸௌம்யா மூச்சிரைக்கக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆற்றுக்குள் பழைய மணல் பள்ளங்களைப் போலீஸ் தோண்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் இயந்திரம் அள்ளிக் கொட்டியது, மறுபடி அள்ளியது. கரையில் ஒரு கிழவி, சம்பந்தத்தின் ஆயா, முக்காடு போட்டுக் குந்தியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் போலீஸ்.

"வா, போயிடலாம்மா" என்றாள் நஸ்னீன்.

"இரு."

கீழே ஒருவர் கையைத் தூக்கி விசில் ஊதினார். இயந்திரம் நின்றது. வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒரே பள்ளத்தை நோக்கி நடந்தார்கள். கிழவி எழுந்து நின்றாள்.