காரணம் எழுதும் கட்டம்

மரவள்ளிக்கிழங்கு மாவில் காய்ச்சிய பசையை அய்யாவு ஒற்றை விரலால் வழித்தெடுத்துத் துண்டுக் காகிதத்தின் பின்பக்கம் தடவினார். விதிப்புத்தகத்தின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஓரம் பிசகாமல் ஒட்டி, முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால் ஆகப்போகிறது. வெளியே அடித்தது பத்து மணி வெயில்கூட இல்லை. ஜப்பான்காரன் வந்த நாளாக ஆபீஸ் கடிகாரம் தோக்கியோ நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"பசையைத் தின்னு தீத்துடாதீங்க அண்ணே. மத்தியானத்துக்கும் அதே கிழங்குதான்," என்றான் கிஃபாயத்துல்லா. கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து தந்திக் கருவியில் உட்காருகிறவன். பட்டினியிலும் வாய் ஓயாது.

"ஒன் வேலையைப் பாருடா."

"கம்பி சும்மா கெடக்குது லா. சயாம்காரன் இன்னும் முழிக்கல."

அய்யாவுக்கு அந்த ஆபீஸில் ரூல் கிராணி, அதாவது விதிக் குமாஸ்தா, என்று பெயர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயனில் பிறந்து, தந்தி அடிக்கப் படித்து, பிறகு சட்டப் பிரிவுக்கு வந்தவர். நாடு விட்டு நாடு போகும் கம்பியில் எது போகலாம், எது கூடாது, எந்த மொழியில் போகலாம், போய்ச் சேராவிட்டால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எல்லாம் அவர் பொறுப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் மூன்று துரைமார் பார்த்த வேலை அது. துரைமாரைச் சிறைக்குக் கொண்டுபோனதும் அவர்களுடைய புத்தகங்கள் அய்யாவின் மேசைக்கு வந்தன. புதிய உத்தரவு வரும்போதெல்லாம் பழைய விதியின் மேல் அதை ஒட்ட வேண்டும். புத்தகம் இரண்டு மடங்கு தடித்துப்போயிருந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம், கவுண்டருக்கு எதிரே இருந்த பெஞ்சில் மாரியாயி உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை வந்தவள். இன்று வெள்ளி. பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டம். கிள்ளான் வரை நடந்து, அங்கிருந்து விறகு லோரியில் ஏறி வந்திருந்தாள். ராத்திரி பிரிக்பீல்ட்ஸில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் படுத்துக்கொண்டு, காலையில் கதவு திறப்பதற்கு முன் வந்துவிடுவாள். ஒவ்வொரு முறை அய்யாவின் தலை தெரியும்போதும் எழுந்து நிற்பாள். அவர் தலையாட்டியதும் உட்காருவாள்.

புதன்கிழமை தந்தி கொடுக்கும்போது அவள் புருஷன் பேரைச் சொல்லவில்லை. தோட்டத்தில் காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுச் சீட்டை நீட்டினாள். அதில் சின்னையா என்று இருந்தது. ஏப்ரலில் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போன ஆள்.

"அவரு முகாம விட்டு ஓடிட்டாருன்னு தோட்டத்துல சொல்றாங்கய்யா," என்றாள். "ஓடுனவன் வீட்டுலேருந்து வேற ஆம்பள போகணுமாம். எனக்குன்னு இருக்கறது ஒரே தம்பி. பாலன். போன மாசந்தான் ஒரு புள்ள பொறந்திருக்கு. சனிக்கிழமை பெரட்டுல லோரி வந்து நிக்கும்."

"ஓடலன்னு காட்டுனா?"

"தம்பி பேர அடிச்சிர்றேன்னு தோட்டத்துக் கிராணி சொன்னாரு. சர்க்கார் முத்திரை போட்ட காயிதம் வேணுமாம். பக்கத்துத் தோட்டத்து இராஜம்மாவுக்கு நீங்கதான் குடுத்தீங்களாம். அவ கொழுந்தன விட்டுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்தபடி சொன்னாள். "எங்காளு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரிங்கய்யா. ஓடலன்னு இருந்தாப் போதும்."

இராஜம்மாவுக்குக் கொடுத்தது உண்மைதான். அது அய்யாவு கண்டுபிடித்த வழி. முகாமுக்கு மாதம் ஒரு தந்தி, மலாயில் நாலு வார்த்தை, குடும்பத்தார் அனுப்பலாம் என்று ஜூனில் ஒரு சலுகை வந்தது. அனுப்பினார்கள். பதில்தான் வரவில்லை. பதில் போட வேண்டும் என்று சலுகையில் எங்கும் இல்லை. அய்யாவு இரண்டு நாள் புத்தகத்தைப் புரட்டினார். ஐந்து வருஷத்துக்கு முன் கெய்ரோவில் பல நாட்டுக்காரர்கள் கூடி எழுதிய விதிகளில் ஒன்று அகப்பட்டது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போன தந்தி உரியவர் கையில் சேரவில்லை என்றால், ஏன் சேரவில்லை என்று அந்த ஊர் ஆபீஸ் காரணம் எழுதித் திருப்பியாக வேண்டும். சயாம் வேறு நாடுதானே? மேலதிகாரி ஒகடாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஒகடா யுத்தத்துக்கு முன் ஒசாகாவில் தந்தி அடித்தவர். விதியை இரண்டு தடவை படித்துவிட்டு, சரிதான் என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஜூலையிலிருந்து சீட்டுகள் வந்தன. காரணம் எழுதும் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே மலாய் வார்த்தை. மாத்தி. செத்துப்போனார். கொடுமைதான். ஆனால் நெற்றியில் பொட்டை வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் ஒருத்தி மாதக்கணக்கில் அல்லாடுவதற்கு இது எவ்வளவோ மேல் என்று அய்யாவு நினைத்தார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமைதான் காரியத்தைக் கெடுத்தது. மாதா மாதம் சேராத தந்திகளுக்கு ஓர் அறிக்கை எழுதி மேலே அனுப்ப வேண்டும். செப்டம்பர் அறிக்கையில் அவர் சிவப்பு மையால் கோடு போட்டு, காரணவாரியாகக் கட்டம் பிரித்து, மாத்தி என்ற கட்டத்தில் இருபத்தேழு என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார். 'பிற காரணங்கள்' என்று ஒரு கட்டம் பக்கத்திலேயே காலியாக இருந்தது. அதில் தள்ளிவிட்டிருந்தால் ஒருவனும் கேட்டிருக்க மாட்டான். அவர் கை அப்படிப் பழகிய கை இல்லை.

பதினொன்றரைக்கு ஒகடா கூப்பிட்டார். மேசைமேல் அறிக்கை கிடந்தது. இருபத்தேழைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள்.

"நல்ல அறிக்கை, அய்யாவு சான்," என்றார் ஒகடா நிதானமான இங்கிலீஷில். "இவ்வளவு சுத்தமான அறிக்கையை நான் ஒசாகாவில்கூடப் பார்த்ததில்லை. மேலே இருக்கும் ராணுவத்துக்காரர்கள் படித்துவிட்டார்கள்."

அய்யாவு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முகாம் தந்திகளுக்கு இனி ஒரே காரணம்தான். திடாக் ஆடா. அங்கே இல்லை. அவ்வளவுதான். அந்தப் பக்கத்திலிருந்து எது வந்தாலும் இங்கே அப்படித்தான் எழுத வேண்டும். உத்தரவை நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள். உங்கள் இங்கிலீஷ் என்னுடையதைவிட நன்றாயிருக்கும்."

அய்யாவு தன் மேசைக்கு வந்து காகிதத்தை எடுத்தார். மூளை ஓடியது. உத்தரவை எழுதச் சொன்னார்களே ஒழிய, என்றிலிருந்து என்று யாரும் சொல்லவில்லையே. முதல் பத்தியில் ஒகடா சொன்னதை அப்படியே எழுதினார். இரண்டாவதில் எந்தெந்த முகாம்கள் என்று எழுதினார். மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தார். நவம்பர் முதல் தேதிக்குப் பிறகு ஏற்றுக்கொண்ட தந்திகளுக்கே இது பொருந்தும். இது இன்னும் அக்டோபர்தான்; பதில் வர வேண்டிய பழைய தந்திகள் நாற்பத்தொன்று இருந்தன. மாரியாயியுடையது கடைசி.

உத்தரவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒகடா சிவப்புப் பென்சிலைக் கையில் பிடித்தபடி படித்தார். முதல் பத்திக்குத் தலையாட்டினார். இரண்டாவதுக்கும் ஆட்டினார். மூன்றாவதில் பென்சில் நின்றது.

"நவம்பர் எதற்கு?"

"வழக்கம் துவான். ஒரு தந்தியை ஏற்றுக்கொண்ட நாளில் என்ன விதியோ, அதுதான் அதற்குக் கடைசி வரை விதி. பணம் வாங்கிவிட்டு நடுவில் மாற்றினால் கணக்குத் தணிக்கையில் கேள்வி வரும்."

ஒகடா யோசித்தார். தந்திக்காரருக்குத் தந்திக்காரர் சொல்வது புரியாமல் இல்லை. பென்சில் அந்த வரிக்கு மேல் நின்றுகொண்டே இருந்தது.

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் கருவி தட்ட ஆரம்பித்தது. சயாம் கம்பி. அய்யாவு கருவியை விட்டு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் காது விடவில்லை. தட்டத் தட்ட எழுத்துகள் தாமாக விழுந்தன. தந்தி எண். புதன்கிழமைத் தேதி. சின்னையா என்ற பெயர், எழுத்து எழுத்தாக. கொஞ்சம் இடைவெளி. பிறகு நாலே இங்கிலீஷ் எழுத்து. மாத்தி. ஆகஸ்ட் பதினாலு.

அவர் முகத்தை அசைக்காமல் நின்றார். நிமிர்ந்து பார்த்தபோது ஒகடாவும் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒசாகாவில் தட்டிய காது. இருவரும் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். சுவரில் பதினொன்று ஐம்பத்திரண்டு.

ஒகடா மூன்றாவது வரியைக் குறுக்காக அடித்தார். அதற்கு மேலே, இன்று முதல் என்று எழுதினார். பிறகு நேரம் போட்டார். 11.45.

"துவான்," என்றார் அய்யாவு. சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "இப்போது பதினொன்று ஐம்பத்திரண்டு. இப்போது வந்த சீட்டு உத்தரவுக்கு முந்தியது."

ஒகடா முத்திரையை மைப்பெட்டியில் வைத்து அழுத்தினார். "உங்கள் வீடு பிரிக்பீல்ட்ஸில்தானே?"

"ஆமாம் துவான்."

"பிள்ளைகள்?"

"மூன்று."

"நல்லது," என்று முத்திரையைக் குத்தி, காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். குரலில் கோபமே இல்லை.

வெளியே கிஃபாயத்துல்லா சீட்டோடு நின்றிருந்தான். பென்சிலில் அவன் எழுதியது முழுசாக இருந்தது, மணியும் போட்டிருந்தான். அய்யாவு உத்தரவை அவனிடம் காட்டினார். அவன் படித்தான். சீட்டைத் தானே நீட்டினான். பென்சில் சீட்டை வாங்கி அய்யாவு நாலாக மடித்தார். டைப் மெஷினில் புதுச் சீட்டைச் செருகிப் பெயரை அடித்தார். காரணம் எழுதும் கட்டத்துக்கு வந்ததும் இரண்டு விரல்களும் எழுத்தின் மேல் நின்றன. மூன்று பிள்ளைகளும் வரிசையாகக் கண் முன்னால் வந்தார்கள். திடாக் ஆடா என்று அடித்தார்.

மாரியாயி எழுந்து கவுண்டருக்கு வந்துவிட்டாள். "வந்துருச்சாய்யா?"

"வந்துருச்சும்மா." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சின்னையா ஆகஸ்ட் மாசமே தவறிட்டாரு. என் காதால கேட்டேன்."

அவள் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கீழுதடு மட்டும் துடித்தது. "அப்ப ஓடல," என்றாள்.

"ஓடல."

"காயிதத்துல அதான இருக்கு?"

"இல்லம்மா. அங்க இல்லைன்னு இருக்கு."

அவள் அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "அங்க இல்லன்னா ஓடிட்டாருன்னுதானய்யா கிராணி சொல்வாரு."

அய்யாவு சீட்டில் முத்திரையைக் குத்தினார்.

"நீங்கதான எழுதுனீங்க. செத்தத செத்தாருன்னு எழுதித் தாங்கய்யா. சாட்சிக்கு வேணும்னா தாலியக் கழட்டி இங்கயே வெச்சிட்டுப் போறேன்."

"முடியாதும்மா. இன்னிக்குப் பதினொன்னே முக்காலுக்கு மேல அந்த வார்த்தைய எழுதக் கூடாதுன்னு உத்தரவு."

அவள் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். "எனக்கு மணி பாக்கத் தெரியாதுய்யா," என்றாள்.

சட்டைப் பையில் மடித்த பென்சில் சீட்டு இருந்தது. அய்யாவின் கை அது வரை போயிற்று. அதில் முத்திரை இல்லை. கொடுத்தாலும் தோட்டத்தில் செல்லாது, அது யார் கையெழுத்து என்று மட்டும் விசாரிப்பார்கள். கையை எடுத்துக்கொண்டார். அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. மாரியாயி டைப் அடித்த சீட்டை வாங்கி, முத்திரை கசங்காமல் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனாள். பந்திங் போய்ச் சேர அவளுக்கு ஒரு பொழுதுதான் இருந்தது.

நவம்பர் அறிக்கையில் மாத்தி என்ற கட்டமே இல்லை. அதன்மேல் யாரும் வட்டம் போடவும் இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் அச்சாபீஸிலிருந்து புதுச் சீட்டுக் கட்டுகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் டைப் அடித்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது என்று ஒகடாதான் யோசனை சொல்லியிருந்தார். கிஃபாயத்துல்லா கட்டுகளை அய்யாவின் முழங்கைக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டுப் போனான்.

அன்று கவுண்டர் கிராணிக்கு மலேரியா. அய்யாவுதான் கவுண்டரில் உட்கார்ந்தார். வரிசையில் ஏழாவதாக மாரியாயி வந்தாள். நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்தன. அவரை அடையாளம் தெரிந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

"தந்தி குடுக்கணும்."

"யாருக்கு?"

"பாலன்," என்றாள். இந்தத் தடவை சீட்டு எதையும் நீட்டவில்லை, பெயரை வாய்விட்டே சொன்னாள்.

"எந்த இடம்?"

"அதே எடந்தான்."

அய்யாவு படிவத்தை எடுத்துப் பாலன் என்று எழுதினார். முகாமின் பெயரை எழுதினார். பக்கத்தில் புதுச் சீட்டுகள் மை வாடையோடு அடுக்கியிருந்தன. காரணம் எழுதும் கட்டத்தில் திடாக் ஆடா என்று எல்லாவற்றிலும் முன்கூட்டியே அச்சாகியிருந்தது. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.