நூற்றெண்பது கதவுகள்

மூன்று வாரமாக பஸ் டிரைவர் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் இல்லை, டிவியில் ஓடும் வீடியோ கேமில். காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்ததும், கிளட்ச் மிதித்து வீங்கிய இடது காலை முக்காலியில் தூக்கி வைத்து உட்கார்வார். விளையாட்டில் அவருடைய ஆளுக்குக் கிடைத்ததெல்லாம் எடுபிடி வேலை. கடிதம் கொண்டு போ, காணாமல் போன வாத்தைத் தேடு. நாள் முழுக்கப் பட்ட பாடு போதாதென்று இது வேறு என்று அலுத்துக்கொள்வார்.

ஆனாலும் விட முடியாது. இந்த விளையாட்டுக்குப் படம் வரைந்தவர்களில் அவர் மகளும் ஒருத்தி. "பொம்மை போடறதெல்லாம் ஒரு பொழப்பா" என்று ஒருநாள் நாலு பேர் முன்னால் அவர் வாயை விட்டார். அன்றைக்குப் பெட்டி கட்டிக்கொண்டு போனவள், ஐந்து மாதமாக அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாள். அவள் வரைந்த ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதாம். அதைப் பார்க்காமல் எந்த முகத்தோடு அவளைக் கூப்பிடுவது?

"ஏங்க, இன்னுமா ஆத்தைத் தாண்டல? நாலு நாள்ல தாண்டிடலாம்னு சொன்னாளே" என்றாள் மனைவி.

"ஆறு வர்றதுக்குள்ள கை விட்டுப்போகுது. என்ன பண்ணச் சொல்ற."

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மனிதர் விளையாட்டில் தன் ஆளை ஒரு மணி நேரம் நடத்தி, ஆறு தெரிகிற மேடு வரை போனார். பிறகு ஆளைத் திருப்பி, வந்த வழியே கிராமத்துக்கு நடத்திவந்து, கிணற்றடியில் ஓரமாக நிறுத்திவிட்டு விளையாட்டை அணைத்தார்.

"எதுக்குத் திரும்பி வந்தீங்க?"

"எடுத்த எடத்துல கொண்டாந்து விட வேண்டாமா? நடு வழியில போட்டுட்டு வந்தா யார் பதில் சொல்றது?"

முப்பது வருஷ டிப்போ புத்தி. மனைவி அப்போதே மகளுக்கு போன் போட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் மகள் சிரிப்பது அவருக்கும் கேட்டது. தன்னைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை, சிரித்தாளே என்றிருந்தது.

"நின்ன எடத்துலயே விடலாமாம். யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்களாம்" என்றாள் மனைவி.

மறுநாள் மேட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார். பொழுது சாயும்வரை மனசு அடித்துக்கொண்டது. அடுத்த நாள் ஆற்றைத் தாண்டினார்.

ஊர் முழுக்கக் கதவுகள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. கைபட்டுத் தேய்ந்த தாழ்ப்பாள், மழையில் அடிப்பக்கம் உப்பிய பலகை, உரிந்த பெயின்டுக்கு அடியில் இன்னொரு பழைய பெயின்ட். எதிரி வந்து அடித்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. அடி வாங்கிக்கொண்டே கதவு கதவாகப் பார்த்தார். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் செய்கிற வேலை என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்கமாக இருந்தது.

இந்த முறை போனை அவரே போட்டார். மகள் எடுத்தாள்.

"இந்தக் கதவெல்லாம் நீயாம்மா?"

"ம். நூத்தியெண்பது."

"முதுகு ஒடிஞ்சிருக்குமே."



"ஒடிஞ்சுதுப்பா. அப்போ நீங்க கேக்கவே இல்ல" என்றாள்.

"கேட்டிருக்கணும்" என்றார் அவர்.