எதிர்க் கதிரை

யாழ்ப்பாணத்துப் பிள்ளையொன்று யூதச் சிந்தனையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறது என்றால் யாருக்குத்தான் விளங்கும்? சாரங்கனின் சொந்தத் தமையனுக்கே விளங்கவில்லை. "யூதருக்கு யூதரைப் பற்றிச் சொல்லிக் குடுக்க நீ ஆரடா?" என்று கர்க்லாண்டுப் புறநகரிலிருந்து நிஷான் அண்ணா போனில் கேட்டுச் சிரித்தார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

சாரங்கனுக்கு முப்பத்தாறு வயது. கலியாணம் இல்லை. அதே நகரத்தின் இன்னொரு புறநகரான ரொக்ஸ்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தான். செத்தவீட்டுக்குப் போகிறவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று யூத ஞானிகள் சொல்லிவைத்ததைத்தான் அவன் ஆராய்ந்துகொண்டிருந்தான். இதைக் கேட்டால் பெண் கொடுக்க வந்தவரும் செருப்பைத் தேடுவார்.

இந்தப் படிப்புக்குப் படியளந்தது ஒரு யூதக் குடும்பத்தின் அறக்கட்டளை. தாராளமான மனிதர்கள்தான். ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். அவர்களுடைய பழைய வழக்கப்படி நூலைத் தனியே இருந்து படிக்கக் கூடாது. எதிர்க் கதிரையில் இன்னொருவர் இருக்க வேண்டும். ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் மறித்துக் கேட்க, இருவரும் சண்டை பிடித்துப் பொருள் காண வேண்டும். வருடத்துக்கொரு தடவை அந்தக் குடும்பத்தின் முன்னால் சோடியாக இருந்து ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினால், அடுத்த வருடத்துக்கும் உதவி கிடைக்கும்.

சாரங்கனுக்குச் சோடி சென்னைக்காரன் நவநீத். ரொறன்ரோவில் வேலை கிடைத்து அவன் போய்விட்டான். "போன்ல படிக்கலாம் மச்சி, ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்றான். கொஞ்ச நாள் படித்தார்கள். பிறகு நவநீத் போனை எடுப்பதை விட்டுவிட்டான்.

படித்துக் காட்டும் ஞாயிற்றுக்கிழமை நெருங்கியதும் சாரங்கன் அறக்கட்டளைச் செயலாளர் றோசலினைக் கூப்பிட்டு, தனியாக வந்து வாசிக்கலாமா என்று கேட்டான்.

"அது மட்டும் முடியாது. பண்டிதர் தேவையில்லை, எந்த மொழியிலும் சண்டை பிடிக்கலாம். வாய் உள்ள ஒருவரைக் கூட்டி வாருங்கள், போதும்" என்றார் அவர்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே வாயுள்ள இன்னொருவர் கிடைத்தால்தான் இந்தப் பிள்ளை பிழைக்கும். அண்ணாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மகளின் நீச்சல் வகுப்பு. பல்கலைக்கழகத்தில் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு சாட்டுச் சொன்னார்கள். சாரங்கன் கைபேசியிலிருந்த பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். பல் வைத்தியர் இருந்தார், கார் திருத்துபவர் இருந்தார், இன்னாரென்று நினைவில்லாத யாரோ ஒரு அருமைராசாவும் இருந்தார். உதவி நின்றால் படிப்பும் நின்றுவிடும், அது பெரிய பயந்தான். ஆனால் அவனை அழவைத்தது அதுவல்ல. ஒரு பின்னேரம் வந்து எனக்கு எதிரே இரு என்று கேட்பதற்கு இந்த நகரத்தில் அவனுக்கு ஓர் ஆள் இல்லை.

மிச்சமிருந்தது மேல்வீட்டுப் புஷ்பராணி மட்டுந்தான். வீட்டுச் சொந்தக்காரி, கார்டெரி என்ற பகற்காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பவர். துறைமுகத்தில் வேலை செய்த அவருடைய கணவர் அருளம்பலம் போன மாரியில் மாரடைப்பில் போய்விட்டார். அப்போது சாரங்கனும் துக்கம் கேட்க மேலே போனான். துக்கக்காரர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது யூதர் வழக்கம். அவன் ஊறிப்போன விஷயம் அது. நல்ல வழக்கந்தானே என்று சோபாவில் பேசாமல் இருந்தான். அவரும் பேசவில்லை. கன நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்தான். அதற்குப் பிறகு அவர்களுக்கிடையே குப்பைப் பெட்டியையும் ஹீட்டரையும் தவிர வேறு பேச்சு இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வெட்கத்தை விட்டு மேலே ஏறிப்போய் விஷயத்தைச் சொன்னான். புஷ்பராணி கறிச்சட்டியைக் கிளறியபடியே கேட்டார்.

"இதுக்கு நான் ஏன் தம்பி? உங்கட கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"எந்தக் கூட்டாளி அக்கா?"

"கீழ பின்னேரத்தில வாறவர். தடிச்ச குரல், உங்களோட ஒரே சண்டை. ஆள் வந்திருக்கேக்க இடைஞ்சல் குடுக்கக் கூடாதெண்டுதான் நான் ஒருநாளும் இறங்கி வாறேல்லை. ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டு வருவமோ எண்டு யோசிப்பன், பேந்து விட்டிடுவன்."

சாரங்கனுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நவநீத் போன பிறகு அவன்தான் இரண்டு பேருக்காகவும் பேசினான். மறிப்பவனுக்கென்று குரலைத் தடிப்பாக்கி, தமிழிலேயே வாதாடினான்.

"அப்பிடி ஒருத்தரும் இல்லை அக்கா. ரெண்டு குரலும் நான்தான்."

புஷ்பராணி சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவனுக்கு எதிர்க் கதிரையில் இருந்தார்.

"அப்ப கேளுங்கோ. துக்கக்காரர் வாயே திறக்காட்டில் என்ன செய்யிறதெண்டு அந்தத் தடிச்ச குரல் கேட்டதெல்லோ? பேசாமல் இருந்திட்டுப் போக வேணுமெண்டு நீங்கள் சொன்னனீங்கள். அது பிழை."

"அப்பிடித்தான் அக்கா எழுதியிருக்கு."

"எழுதினவைக்கென்ன!" அவருடைய குரல் உடைந்தது. "வந்த சனமெல்லாம் இன்சூரன்ஸ் கதைச்சுது, வீட்டை விக்கிறதைப் பற்றிக் கதைச்சுது. நீங்கள் ஒருத்தர்தான் பேசாமல் இருந்தனீங்கள். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாயிருந்தது தெரியுமோ? இந்தப் பிள்ளை நாளைக்கும் வரும், நாளைக்குக் கதைப்பம் எண்டு இருந்தன். நீங்கள் வரேல்லையே தம்பி."

ஒரு வருடமாகத் தலைக்கு மேலே ஒருவர் காத்திருந்திருக்கிறார். வாதாட இரண்டு குரல் வைத்திருந்தவனுக்கு இப்போது ஒன்றுகூட வரவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?" என்று கேட்டார்.

அவன் தலை குனிந்தபடி இருந்தான். புஷ்பராணி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் வாய் திறந்திட்டன் தம்பி. இனி நீங்கள் கதைக்கலாம்."