கயிறு இல்லாத கிணறு

காலையில் தண்ணீர் அள்ள வந்த பெண்கள் திகைத்து நின்றார்கள். நாரந்தனைக் கிராமத்தின் அந்த மூலையில் உப்புக் கரிக்காத கிணறு அது ஒன்றுதான். கப்பியில் கயிறும் இல்லை, வாளியும் இல்லை. இரண்டையும் கழற்றியெடுத்த ஞானசவுந்தரி கிணற்றுக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"இனி இதிலை ஒருத்தரும் அள்ளேலாது."

அவளுடைய மகள் நெருப்புக் காய்ச்சல் என்கிற டைபாய்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தகப்பன் துணைக்கு நின்றார். அந்த மாதத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்த வீடுகளில் அது ஐந்தாவது காய்ச்சல். காரணம் எல்லோருக்கும் தெரியும். எண்பத்துமூன்றாம் ஆண்டு இனக்கலவரத்தில், தெற்கே காலி நகரத்திலிருந்த கடையைப் பறிகொடுத்து ஊர் திரும்பிய தியாகலிங்கம், புதுவீட்டுக்கு மலசலகூடம் கட்டியிருந்தார். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் பதினைந்தடி, ஒரு வேலி. கோயிலுக்கு அள்ளிக் கொடுப்பவர் என்பதால் எவரும் வாய் திறக்கவில்லை.

"உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே? பிள்ளையள் தண்ணியில்லாமல் தவிக்குதுகள்," என்று சீறினாள் அந்தப் பெண்களில் ஒருத்தியான கமலாதேவி.

"மற்ற நல்ல தண்ணிக் கிணத்துக்கு இரண்டு மைல் நடவுங்கோ அக்கா. கால் நொந்தால், குழி வெட்டினவரிட்டைப் போய்க் கேளுங்கோ."

ஏச்சு விழுந்தது. சொந்தக் கயிறு கொண்டு வந்தவர்களையும் அவள் கிட்ட விடவில்லை. மூன்றாம் நாள், தூரத்துக் கிணற்றிலிருந்து குடம் சுமந்து களைத்த பெண்கள் வீட்டுக்குப் போகாமல் தியாகலிங்கத்தின் வாசல் படலையடியில் நின்றார்கள். முன்னால் கமலாதேவி.

"என்ரை காணிக்குள்ளை நான் கட்டினது. ஆர் கேக்கிறது?" என்றார் அவர்.

"நாங்கள்தான் கேக்கிறம் அண்ணை." கமலாதேவி குடத்தைப் படலையடியில் இறக்கி வைத்தாள்.

அவர் வேலிக்கு மேலால் கிணற்றடியைப் பார்த்துக் கத்தினார். "ஞானசவுந்தரி! அங்கை எல்லாத்தையும் எரிச்சுத் துரத்தினாங்கள். இஞ்சையும் என்னை இருக்க விடமாட்டீரோ?"

"உங்களுக்கு நடந்தது அநியாயம் அண்ணை. அதுக்கு என்ரை பிள்ளை என்ன செய்தது?"

 தியாகலிங்கத்தின் மனைவி மீனாம்பிகைதான் முன்னுக்கு வந்தாள். "குழியை மூடுங்கோ. வளவின்ரை அந்தத் தொங்கலிலை, கிணத்துக்கு எட்டத்திலை புதுசு வெட்டுவம்."

குழி துப்புரவாக்கி மூடப்பட்டது. கிணற்றை இறைத்து மருந்து போட்டார்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்து சரியென்று சொன்ன பிறகே ஞானசவுந்தரி கயிற்றையும் வாளியையும் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ரை காணி எண்டுதான் நினைச்சன்," என்றார் தியாகலிங்கம், நிலத்தைப் பார்த்தபடி.

"காணிக்கு வேலி போடலாம் அண்ணை. நிலத்துக்குக் கீழை ஓடுற தண்ணிக்குப் போடேலாது." பிறகு அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "அவரை மட்டும் குற்றம் சொல்லாதேங்கோ. தெரிஞ்சுகொண்டும் பேசாமல் இருந்த நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் இந்தத் தண்ணியைப் பழுதாக்கினனாங்கள்."