'அப்பா' என்று ஒட்டிய குழாய்

நாற்பதடி மின்கம்பத்தில் நின்று கீழே இருப்பவர்களைக் கேலி செய்கிற லைன்மேனுக்கு, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்ததுமே எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. மடியில் மகள் குருவி. நாலு வயது. வெளிச்சம் கொஞ்சம் மங்கினால் அப்பாவின் முகம்கூடத் தெரியாது அவளுக்கு.

மரபணு ரிப்போர்ட் படித்துச் சொல்லும் டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டினார்.

"பார்வைக்கான இந்த ஜீன் எல்லார்கிட்டயும் ரெண்டு பிரதி இருக்கும். அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. பாப்பாகிட்ட ரெண்டு பிழை தெரியுது. ஒண்ணு அம்மாவோடது. இன்னொண்ணு அப்பாவோடதா இருந்தா, ரெண்டு பிரதியும் கெட்டிருக்குன்னு அர்த்தம். அதுக்கு மருந்து இருக்கு. சீக்கிரம் போட்டா மிச்சப் பார்வையைக் காப்பாத்தலாம்."

"அவரோடதுதானே மேடம்?" மனைவி நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள்.

"அப்பா ரத்தத்துல அது இல்லையே. நிச்சயமாகாம மருந்துக்கு எழுத முடியாது." டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "சார், கொஞ்சம் வெளிய இருங்க. அம்மாகிட்ட மட்டும் ஒண்ணு கேட்கணும்."

என்ன கேட்கப் போகிறார் என்பது அவனுக்குச் சுரீரென்று உறைத்தது.

"அவளை ஒண்ணும் கேட்காதீங்க மேடம்! அது என் ரத்தமே இல்ல."

"என்ன உளர்றீங்க?" என்றாள் மனைவி.

"ரத்தம் குடுக்கத் தம்பியை அனுப்பினேன். எனக்கு ஊசின்னா மயக்கம் வந்துடும். 'ஒரே ரத்தம்தானேண்ணா, நான் போறேன்'னான்..."

"மூணு மாசமா இந்தக் காகிதத்துக்காகத் தூங்காம கிடந்தேனே! கரண்டுக்குப் பயமில்ல, ஊசிக்குப் பயமா? நல்லவேளை, கல்யாணத்துக்கும் தம்பியை அனுப்பாம நீங்களே வந்தீங்க!"

டாக்டரம்மா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். "ஒரே ரத்தம் இல்லைங்க. உங்களுக்கு வந்தது அவருக்கு வராம போயிருக்கலாம்."

"அப்போ எனக்கு இருக்குமா?"

"பார்த்தாத்தான் தெரியும். மூணு வாரம் ஆகும்."

ரத்தம் எடுக்கும் அறையில், குழாயில் ஒட்டிய பெயரை மனைவி இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். ஊசியைக் கண்டதும் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"கண்ணை மூடிக்கோப்பா," என்றாள் குருவி, அவன் விரலைத் தடவிப் பிடித்தபடி. "வலிக்காது."

அவன் மூடவில்லை. குழாயில் ஏறும் சிவப்பையே பார்த்தான். கடவுளே, அந்தப் பிழை இதில் இருக்கட்டும், இருந்து தொலையட்டும் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.