அளவு நோட்டு

அடிப்பாகம் தேயாத ஷூவை முப்பது நாளைக்குள் திருப்பி அனுப்பலாம் என்று எங்கள் வெப்சைட்டில் எழுதியிருந்தது. நாங்கள் தைப்பதோ ஜாக்கெட். ஏதோ ஒரு கம்பெனியின் விதிமுறைகளை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். ஜஸீலா அக்கா சிரித்த சிரிப்பில் மெஷினில் நூல் அறுந்தது.

கோச்சடையில் அக்கா வீட்டு முன்னறைதான் கடை. வெளியூர் போய்விட்ட பெண்களும் அளவு அவரிடமே இருப்பதால் துணியைக் கூரியரில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதை வெப்சைட்டாக்கலாம் என்றது நான். ஆன்லைனில் பணம் வாங்கித்தரும் கம்பெனி மூன்று பக்கங்கள் கேட்டது: விற்பனை விதி, திருப்பி வாங்கும் விதி, வாடிக்கையாளரின் தகவல்களை என்ன செய்வோம் என்ற உறுதி. மாலைக்குள் சரியாகக் கொடுத்தால்தான் வெள்ளிக்கிழமை கடை திறக்கும்.

முதல் இரண்டையும் எங்களுக்கேற்ற மாதிரி மாற்றிவிட்டோம். தைத்ததைத் திரும்ப வாங்க மாட்டோம், பிடிக்காவிட்டால் பிரித்துத் தைத்துத் தருவோம். மூன்றாவதை வாசித்தேன். தகவல்களைப் பிற நிறுவனங்களுடன் பகிரலாம் என்றிருந்தது.

அக்காவின் சிரிப்பு நின்றது. "எந்தத் தகவலு?"

"பேரு, போன் நம்பரு, அளவு. எல்லாரும் இப்பிடித்தான்க்கா போடுறாய்ங்க."

"அளவையா? அப்ப இந்தக் கடையே வேணாம் முனீசு."

அவருடைய அளவு நோட்டில் பெயர்களே கிடையாது. அவரவர் முதலில் கொண்டுவந்த துணியின் நிறம்தான். கத்தரிப்பூ, கிளிப்பச்சை, மாம்பழம். நான் வெந்தயம். மூன்று வருடத்துக்கு முன் என் மாமியார் இங்கே வந்து மருமகளுக்கு இடுப்பு கூடியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். பேர் போடவில்லை, எது யாருடையது என்று தெரியவில்லை என்று அக்கா அனுப்பிவிட்டார். வெவரமில்லாத பொம்பள என்று வீட்டுக்கு வந்து திட்டித் தீர்த்தார் மாமியார். அந்த மாதம்தான் வயிற்றில் தங்கியது தங்காமல் போனது. தெருவே விசாரித்தது. என்னிடம் ஒன்றும் கேட்காதவர் அக்கா ஒருவர்தான். என் உடம்பைப் பற்றி வெட்கப்படாமல் நான் நிற்க முடிந்த ஒரே இடம் இந்த அறை என்பது, அதை விதியாக எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே புரிந்தது.

"ஒங்க மாமியா கேட்டாலும் சொல்ல மாட்டோம்னு போடு."

"மாமியாரையெல்லாம் சட்டத்துல போட முடியாதுக்கா."

"பெறகு யாருக்குத்தான் சட்டம்?"

குடும்பத்தினர் உட்பட எவரிடமும் பகிர மாட்டோம் என்று எழுதினேன். நான்கு மணிக்கு ஒப்புதல் வந்தது. அக்கா போனை வாங்கி அந்தப் பச்சை டிக்கை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

திறப்பு நாளுக்கு ஆளுக்கொரு புது ஜாக்கெட் என்று டேப்பை எடுத்தார். நான் கடைசியாகத் தலைக்குக் குளித்து நாற்பத்தேழு நாள். இன்னும் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. டேப் மார்பைச் சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் அக்காவின் விரல் ஒரு கணம் நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெந்தயத்துக்குக் கீழே பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார்.

"ரெண்டு விரக்கடை துணி உள்ள விட்டுத் தைக்கிறேன்," என்றார். "வேணுங்கிறப்ப பிரிச்சு விட்டுக்கலாம்."

நோட்டை மூடி அலமாரியில் வைத்து, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தார்.