வெள்ளை டப்பா குலுங்கும் நேரம்

கலந்து முடித்த பெயிண்ட் டப்பாவை மறுபடியும் மெஷினில் போட்டுக் குலுக்குகிற மனுஷன் உலகத்தில் எங்காவது உண்டா? அவள் வீட்டுக்காரர் குலுக்கினார். தினமும் மத்தியானம் அவர்களுடைய பெயிண்ட் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் அதே வெள்ளை டப்பாவை மெஷினுக்குள் வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு, பின்னாலிருக்கும் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தச் சத்தத்தில் உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. எதற்கு இந்த ஏற்பாடு என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டுமா என்ன!

முதலில் போன் என்றுதான் நினைத்தாள். ஒருநாள் போன் கல்லாப்பெட்டி மேலேயே கிடந்தது, மனுஷன் உள்ளே இருந்தார். அப்படியானால் ஆளே வருகிறாள்! கிடங்குக்குச் சந்துப் பக்கம் இன்னொரு கதவு உண்டே. அவர் இல்லாத நேரம் போய்ப் பார்த்தால், எதிரெதிரே இரண்டு ஸ்டூல். அவர் உட்காரும் ஸ்டூலில் சிமென்ட் தூசி. மற்றதில் பொட்டுத் தூசி இல்லை. வருகிறவளுக்காகத் துடைத்து வைத்திருக்கிறார்!

சபையில் அவளுக்கு ஜெபக்காரி என்று பெயர். புருஷன் ஒருநாளாவது முழங்கால்படியிட மாட்டாரா என்று கல்யாணமான நாளிலிருந்து கண்ணீர்விட்டு ஜெபித்தவள். அவரோ ஞாயிற்றுக்கிழமை அவளைச் சபை வாசலில் இறக்கிவிட்டு வண்டியிலேயே தூங்குகிறவர். இப்போது இந்தக் கூத்து வேறு. தாங்க முடியாமல் ஜெபக்குழுத் தலைவி அக்காவிடம் சொல்லி அழுதுவிட்டாள்.

"கையும் களவுமா பிடி. நாங்க ஜெபத்துல தாங்குறோம்" என்றார் அக்கா.

மறுநாள் தலைவலி என்று சொல்லிக் கடையிலிருந்து கிளம்பி, சந்து வழியாகக் கிடங்குக்குள் நுழைந்து, டப்பா அடுக்குக்குப் பின்னால் பதுங்கினாள். மெஷின் உறும ஆரம்பித்தது. அவர் வந்தார். கைக்குட்டையால் எதையோ துடைத்தார். அவள் நின்ற இடத்திலிருந்து அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"வா, உக்காரு" என்றார் அவர். "இன்னைக்கு ஒரு தப்பு பண்ணிட்டேன். கலரை மாத்திக் கலந்தது நான். அந்த பெயிண்டர்தான் தப்பா சொன்னார்னு சாதிச்சுட்டேன். மனசு ஆறல. உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது?"

அடப்பாவி! வீட்டில் ஒரு வாரம் சேர்த்தாலும் இத்தனை வார்த்தை வராது.

"அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா மறுநாளே என்னை மேடை ஏத்தி மைக்கைக் குடுத்துடுவா. அப்புறம் இங்க வந்து உக்காரவே கூச்சமாயிடும்." சொல்லிவிட்டு யாரோ பேசுவதைக் கேட்பவர்போல வெகுநேரம் சும்மா இருந்தார்.

பாய்ந்து வெளியே வர அவள் காலை எடுத்துவிட்டாள்.

"சரி ஆண்டவா. அந்த மனுஷன்கிட்ட மன்னிப்பு கேக்குறேன். நாளைக்கும் வா."

அவர் எழுந்து போனார். எதிரே காலி ஸ்டூல்.

அவளுக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. இத்தனை வருஷ ஜெபத்தில் கேட்டது, அழுதது, அடம்பிடித்தது எல்லாம் உண்டு. ஒருநாளாவது ஆண்டவரை உட்காரச் சொன்னதுண்டா? அதற்குப் பிறகுதான் அல்லேலூயா தொண்டை வரைக்கும் பொங்கியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சந்துக்கு ஓடினாள்.

போன் அடித்தது. அக்கா.

"பிடிச்சிட்டியா? யாரு அவ?"

"யாருமில்லக்கா. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்."

"புருஷனை மூடி மறைக்காதே. ஞாயித்துக்கிழமை சபையே எழுந்து நின்னு அவர் திருந்தணும்னு ஜெபிக்கும். நான் சொல்லி வெச்சுட்டேன்."

உண்மையைச் சொன்னால் அந்த ஸ்டூல் போய்விடும். சொல்லாவிட்டால் அவர் மானம் போய்விடும். ஜெபக்காரி முடிவு செய்துவிட்டாள்.

"மைக்கை என்கிட்ட குடுங்கக்கா. சந்தேகப்பட்டு ஒரு நல்ல மனுஷன் மேல அபாண்டமா பழி போட்டேன்னு எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன். ஜெபம் எனக்குத்தான் வேணும்."

உள்ளே மெஷின் நின்றது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார்:

"தலைவலி எப்படி இருக்கு?"

"விட்டுடுச்சுங்க" என்றாள்.